எழுபது வரை எண்ணுகிறவர்கள்

குட்டியானையின் பின்தட்டில் ஆறு சைக்கிள்கள். ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுநடுவே பழைய ஜமுக்காளமும் கிழிந்த வேட்டியும் செருகியிருக்கிறார்கள். விடியற்காலை மூன்றரை மணி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே. பூ மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவர் கையை நீட்டி ஒரு முன்சக்கரத்தைச் சுண்டிவிட்டார். அது ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த மூட்டைக்குப் போனார்.

எனக்கு டிரைவர் பக்கத்து இருக்கை. மடியில் இரண்டு சீப்புப் பூவன்பழம், காலடியில் தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி. கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. சும்மா இருந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

திருச்சிக்காரர்களுக்கு மேடு என்றால் பாலம்தான். காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம், ரயில்வே மேம்பாலங்கள். மலைக்கோட்டை இருக்கிறது, ஆனால் அது படிக்கட்டு. சைக்கிளோடு மலையேறும் ஆசை வந்துவிட்டால் வடக்கே துறையூர் தாண்டிப் பச்சைமலைக்குப் போகவேண்டும், அல்லது கொல்லிமலைக்கு. இன்றைக்குக் கொல்லிமலை. காரவள்ளி வழியாக ஏறி, உச்சியில் ஊர்களைக் கடந்து, மறுபக்கம் முள்ளுக்குறிச்சியில் இறங்கி, தம்மம்பட்டி, துறையூர், மண்ணச்சநல்லூர் என்று மிதித்தே வீடு திரும்புவதாகத் திட்டம். சேந்தமங்கலம் வரைதான் சைக்கிள்கள் வண்டியில், பிறகு வண்டி பின்னாலேயே வரும். ஆட்கள் அதுவரை ஒரு வாடகை வேனில் வருகிறார்கள்.

குணசீலம், முசிறி, தொட்டியம் எல்லாம் இருட்டிலேயே போயின. நாமக்கல்லில் முட்டை லாரிகள் வரிசையாக நிற்க, டீக்கடையில் இட்லி. சேந்தமங்கலத்தில் சைக்கிள்களை இறக்கும்போது தை மாதப் பனி இன்னும் விலகவில்லை.

போர்வையையும் ஸ்வெட்டரையும் கழற்றியதும் ஆட்கள் மாறிப்போனார்கள். எல்லாரும் 'மாமா' என்று கூப்பிடும் ஸ்ரீரங்கத்துக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், வங்கி அதிகாரி. உடம்பை ஒட்டிய கறுப்புக் கால்சட்டை, முதுகில் மூன்று பை வைத்த சட்டை, தலையில் ஹெல்மெட், அதன் கீழே அழியாமல் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு. பெல் தொழிற்சாலை ஊழியர் ஒருவர். கைகள் பெரியவை, பேச்சு சின்னது. தில்லைநகரில் ஜிம் வைத்திருப்பவரை 'மாஸ்டர்' என்கிறார்கள். குழந்தை மருத்துவர் ஒரு பெண்மணி, அவர் டாக்டரக்கா. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர். பிறகு மஞ்சள் சட்டை போட்ட கல்லூரிப் பையன், எல்லாருக்கும் தம்பி.

காளப்பநாயக்கன்பட்டி வரை சமதளம். அங்கே அவர்கள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. இருவர் இருவராக, வண்டிக்கு முன்னால் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், வாய் மூடாமல். பெட்ரோல் விலை, பிள்ளையின் நீட் மார்க், யார் வீட்டு வரன். பெல் அண்ணன் மட்டும் வரப்போகும் பிரெவேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரெவே என்பது போட்டியல்ல. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு இருபது, 600-க்கு நாற்பது. இந்தக் கிறுக்கின் தாய்வீடு பிரான்ஸ். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்னும் கடற்கரை ஊருக்குப் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. முடிக்க 90 மணி நேரம்தான் தருவார்கள், தூக்கமும் அதற்குள்தான். பெல் அண்ணனுக்கு அந்த ஆசை இருப்பது பேச்சில் தெரிந்தது, வாயைத் திறந்து சொல்லவில்லை.

நடுவில் பிரதிநிதியின் பின்சக்கரம் இறங்கியது. சீமைக்கருவேல முள். தம்பி குனிந்து டயரின் உட்புறத்தை விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு வந்தான். ட்யூபை மாற்றுவதைவிட இது முக்கியம். முள்முனை உள்ளேயே இருந்தால் புது ட்யூபும் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்த முனையை நகத்தால் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். ஆறு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எள்ளளவுகூட இல்லை.

காரவள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பேச்சு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் வரனைப் பற்றிய பேச்சு பாதியில் அறுந்தது, பிறகு சிரிப்பு, பிறகு "கியரைக் குறைடா" என்ற குரல்கூட. மிஞ்சியது சங்கிலியின் சரசரப்பும் மூச்சும்தான். எங்கள் டிரைவர் முதல் கியரில் போட்டுக்கொண்டு, "டீசல் போட்டா நானே மேல கொண்டுபோய் விட்டிருவேன். எதுக்கு சார் இந்தப் பாடு?" என்றார். நான் பழச்சீப்பை மடியில் சரிசெய்துகொண்டேன்.

கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள்: 1/70, 2/70 என்று. அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். ராஜகோபுரம் 236 அடி. அதை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினான்கு முறை நிறுத்தினால் இந்தக் கணக்கு வரும். எழுபது கிலோ ஆளையும் பத்துக் கிலோ சைக்கிளையும் அந்த உயரத்துக்குத் தூக்க உடம்பு சுமார் எண்ணூறு கலோரி எரித்தாக வேண்டும், ஏனென்றால் எரிப்பதில் கால்பங்குதான் மிதிக்குப் போகிறது, மீதி வியர்வையாக, சூடாக வெளியேறுகிறது. இட்லிக் கணக்கில் பதினாறு வரும் என்று பிரதிநிதி நாமக்கல்லிலேயே சொல்லிவிட்டார். "நான் நாலுதாம்ப்பா சாப்பிட்டேன்" என்றார் மாமா.

பின்னாலிருந்து பார்க்கும்போது ஒன்று புரிந்தது. எல்லா வளைவும் ஒரே வளைவு அல்ல. நம் ஊரில் சாலையின் இடதுபக்கம் போகவேண்டும் அல்லவா? இடப்பக்கம் திரும்பும் வளைவில் சைக்கிள் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. அங்கே தூரம் குறைவு, உயரம் மட்டும் அதேதான், அதனால் சாலை திடீரென்று நெட்டுக்குத்தாக எழுகிறது. வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம். சரிவு தணிகிறது, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். டாக்டரக்கா இதைத் தெரிந்து வைத்திருந்தார். இட வளைவு வருவதற்குப் பத்தடி முன்பே கியரைக் குறைத்துவிடுவார், வல வளைவில் பாட்டிலை எடுத்து இரண்டு மிடறு குடிப்பார். மாஸ்டருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு இட வளைவிலும் இருக்கையிலிருந்து எழுந்து நின்று, தோளும் தொடையும் புடைக்க, சைக்கிளை இப்படியும் அப்படியும் ஆட்டி அழுத்தினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது வளைவு வரை.

இவர்கள் மலை ஏறவில்லை, எண்ணிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கு இருபதாவது வளைவுக்கு மேல்தான் பட்டது. ஆளுக்கொரு கணக்கு. தம்பி ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னான். நாற்பதுக்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிரதிநிதி பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டார்: முப்பது வரை தண்ணீர் கிடையாது, முப்பதில் ஒரு பழம், நாற்பது வரை மறுபடி கிடையாது. விற்பனை இலக்கை மாதம் மாதமாகப் பிரித்துப் பழகியவர். பெல் அண்ணன் எண் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஞ்சியது எத்தனை என்று தெரிந்தால் கால் கேட்காது என்று நினைத்திருக்கலாம். மாமாவின் உதடு எப்போதும் அசைந்துகொண்டே இருந்தது. எண்ணா, நாமமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நூற்றெட்டுத் திருப்பதியை எண்ணி வளர்ந்தவருக்கு எழுபது சின்னக் கணக்குதான்.

பிரான்சில் ஆல்ப் துவேஸ் என்று ஒரு ஏற்றம் உண்டு. 1952-இல் முதன்முதலாக டூர் டி பிரான்ஸ் அதில் ஏறியது. இத்தாலியின் பௌஸ்டோ கோப்பி வென்றார். அங்கே இருபத்தொரு வளைவுகள். அடிவாரத்தில் 21 என்று தொடங்கி உச்சியில் 1 என்று முடியும்படி தலைகீழாக எண்ணிட்டு, ஒவ்வொரு பலகையிலும் வென்றவர்களின் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். சரிவு நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர். கொல்லி அந்த அளவுக்குப் பொல்லாதது அல்ல. ஆனால் எண்ணை யோசித்துப் பாருங்கள். அங்கே ஏறுகிறவனின் கடன் குறைந்துகொண்டே வருகிறது. இங்கே ஏறிக்கொண்டே போகிறது, எவ்வளவு பாக்கி என்று நாமே கழித்துப் பார்க்க வேண்டும். மூளைக்கு ரத்தம் போகாத நேரத்தில் எழுபதிலிருந்து நாற்பத்தேழைக் கழிப்பது சாமானிய வேலை இல்லை. பிரதிநிதி அப்படிக் கழித்து, "இன்னும் முப்பத்திமூணு" என்று எங்களிடம் சத்தமாகச் சொன்னார். யாரும் திருத்தவில்லை.

முப்பதுக்குச் சற்று மேலே மாஸ்டர் சைக்கிளைத் தடுப்புச்சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தொடைத் தசை துடிப்பது வண்டியிலிருந்தே தெரிந்தது. உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது ஒற்றையடித் தடம் ஒன்றிலிருந்து தலையில் விறகுக் கட்டோடு ஒரு மலையாளிப் பெண்மணி சாலைக்கு ஏறி வந்தார். கொல்லிமலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்றுதான் பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காலில் ரப்பர் செருப்பு. அறுபது வயதிருக்கும். மாஸ்டரையும் சைக்கிளையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். கட்டைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, "கெண்டைக்கால இறுக்கிக் கட்டு தம்பி, விட்டுரும்" என்றார். சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத் தடத்தில் ஏறி மறைந்தார். அடுத்த மூன்று வளைவுகளை அவர் ஒரே நேர்க்கோட்டில் முடித்துவிட்டார். மாஸ்டர் துண்டை எடுத்துக் கெண்டைக்காலைக் கட்டிக்கொண்டார்.

பாதி மலைக்கு மேல் பனி திரும்பியது. வெயில் ஒரு வளைவில் உண்டு, அடுத்ததில் இல்லை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. குரங்குகள் தடுப்புச்சுவரில் உட்கார்ந்து என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தன. அரசுப் பேருந்து ஒன்று இறங்கியது. வளைவுக்கு முன்பே ஹாரன் கொடுத்து, ஏறுகிறவர்களைப் பார்த்ததும் ஓரங்கட்டி நின்று, கையைக் காட்டிப் போகச் சொன்னார் ஓட்டுநர். மலைப்பாதையில் தினமும் ஓட்டுகிறவர்களின் மரியாதை வேறு.

அந்த மரியாதை எல்லாருக்கும் வாய்க்காது. ஐம்பத்தைந்தையொட்டிய ஒரு வளைவில் மேலேயிருந்து ஒரு கார் ஹாரன் இல்லாமல், பாட்டு அலற, வளைவை வெட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. அங்கே டாக்டரக்கா இருந்தார். ஏறும் சைக்கிளின் வேகம் நடைவேகம்தான். விலகுவதற்கு அதில் விசை கிடையாது. அவர் ஓரத்து ஜல்லிக்குள் திருப்பினார். முன்சக்கரம் புதைந்தது. காலணி மிதியில் பூட்டியிருந்ததால் காலை ஊன்ற முடியாமல், சைக்கிளோடு சேர்ந்து பக்கவாட்டில் மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தார். கார் நிற்கவில்லை. முழங்காலில் தோல் உரிந்து ஜல்லித்தூள் ஒட்டியிருந்தது. பெட்டியைத் திறந்தேன். அவரே தண்ணீர் விட்டுக் கழுவி, பஞ்சை ஒற்றி, பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டார். தடுப்பூசி போட வந்த குழந்தையிடம் பேசுகிற குரலில் தன் முழங்காலிடமே, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஏறிக்கொண்டார்.

எழுபதை முதலில் தொட்டது தம்பிதான். வயது என்று ஒன்று இருக்கிறதே. அவனுக்குப் பின் டாக்டரக்கா, உரிந்த முழங்காலோடு. மாமாவும் பெல் அண்ணனும் பிரதிநிதியும் சேர்ந்து. மாஸ்டர் கடைசியில், ஆனால் ஒரு வளைவுகூட வண்டியில் ஏறாமல். கடைசிப் பத்து வளைவுகளில் அவர் எழுந்து நின்று மிதிக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

சோளக்காட்டில் ஒரு பெரியவர் மாமாவின் சைக்கிளைச் சுற்றி வந்தார். மிதியைத் தொட்டார், மெலிந்த டயரை அழுத்தினார். "என்ன விலைங்க?" மாமா வெட்கப்பட்டு, "பதினஞ்சாயிரம்" என்றார். உண்மை விலை ஒரு லட்சத்துக்கு மேல் என்று காலையில் பேச்சு நடந்திருந்தது. பெரியவர் யோசித்தார். "அந்தக் காசுக்குக் கூடக் கொஞ்சம் போட்டு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் எடுத்திருந்தா, ரெண்டு மூட்டை மிளகும் ஏத்திட்டுப் போவலாமே." மாமாவிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. கடையேழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையின் தலைவன். ஆடி 17, 18-இல் இங்கே அரசு விழா எடுக்கிறது. அந்த இரண்டு நாளும் சைக்கிளோடு இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது, சாலை முழுக்க வண்டிதான். சங்கப் பாடல்கள் சொல்லும் கொல்லிப்பாவையும் இந்த மலைக்காரிதான். சிரித்துக்கொண்டே ஆளைக் கொல்பவள். முதல் பத்து வளைவில் இந்தச் சாலை சிரித்த சிரிப்பை மாஸ்டர் மறந்திருக்க மாட்டார்.

சிலைக்கு அருகே முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம் அடர்ந்து, அறுத்துவைத்த ஆட்டுக்கால் மாதிரியே கிடக்கும். மூட்டுவலிக்குக் கேட்கும் என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. கிழங்கைப் பார்த்ததும் மாமா இரண்டடி பின்வாங்கினார். கடைக்கார அம்மா ஸ்ரீசூர்ணத்தைப் பார்த்துவிட்டு, "சைவந்தான் சாமி, தைரியமாக் குடிங்க" என்றார். மிளகும் சீரகமும் தூக்கலாக இருந்த சூப்பை மாமா மூன்று டம்ளர் குடித்தார். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் போகலாம் என்று தம்பி சொன்னான். அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும் என்றதும் ஐந்து பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

முள்ளுக்குறிச்சி இறக்கத்தில் அவர்கள் எங்களைவிட வேகம். இறக்கம் எளிது என்று நினைப்பவர்கள் இறங்குகிறவர்களின் கைகளைப் பார்த்ததில்லை. இரண்டு விரல் எப்போதும் பிரேக்கில். பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பு கொதிக்கும், ட்யூப் வெடிக்கலாம். அதனால் வளைவுக்கு முன் அழுத்தி, வளைவுக்குள் விட்டு, மறுபடி அழுத்தி இறங்க வேண்டும். பிரதிநிதி பிடித்துக்கொண்டே வந்தார். பாதியில் நிறுத்தி விளிம்பில் விரலை வைத்தவர் சட்டென்று உதறினார். ரப்பர் கருகிய வாடை வண்டிக்குள் வந்தது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. மரச்சிற்பத்துக்குப் பேர்போன தம்மம்பட்டியில் சாப்பாடு, துறையூரில் டீ, மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கும் வாடை, கொள்ளிடப் பாலத்தின் மேல் எதிர்க்காற்று. சமதளம் வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. அறுந்த இடத்திலிருந்தே அந்த வரன் விவகாரத்தைத் தொடர்ந்தார்கள்.

கொல்லிமலைக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் சொல்வது அதுதான். ஏறுவது பேருந்தானாலும் சரி, சைக்கிளானாலும் சரி, வழிவிடுங்கள். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள், பாட்டைக் குறையுங்கள், உங்கள் பக்கத்திலேயே இறங்குங்கள். அந்த வளைவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஐம்பத்தைந்தாவது எண்ணை எண்ணிக்கொண்டிருக்கலாம்.